கேட் பாஸ் இல்லாத கணிப்பொறி



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "ஏதாவது வெற்றிக் கதையா எழுதுடா" என்றார்கள் சங்கத்து நண்பர்கள். என் கையில் இருப்பது தோற்ற கதைதான். 5 வாரம் உட்கார்ந்து அடித்த உழைப்பில் கால் பங்கு ஒரே நாளில் காணாமல் போன கதை. திருடன் வரவில்லை. வைரஸும் வரவில்லை. நாங்களே கதவைத் திறந்து வைத்தோம். பக்கத்து பெஞ்சு நண்பன் தெரியாமல் உள்ளே வந்தான், தெரியாமலே எடுத்துக்கொண்டும் போனான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் எங்கள் மேல்தான்.

எங்கள் புராஜெக்ட் இதுதான்: பழைய வினாத்தாள்களைத் தேடித் தரும் ஒரு சர்வர். ஒரு பாடத்தின் பெயரையோ, ஒரு தலைப்பையோ தட்டினால், எந்தெந்த ஆண்டு அந்தக் கேள்வி வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை எடுத்துக்கொண்டோம். 2010இல் முதன்முதலில் வெளியான இந்த மென்பொருளின் சிறப்பு என்னவென்றால், ஒரே பெரிய கணிப்பொறி தேவையில்லை. பல சின்னக் கணிப்பொறிகளை ஒன்றாகச் சேர்த்து வேலை வாங்கலாம். சேர்ந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் நோடு என்று பெயர். எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு கிளஸ்டர் என்று பெயர். லேப்பில் ஓரங்கட்டி வைத்திருந்த 3 பழைய கம்ப்யூட்டர்களைச் சார் எங்களுக்குக் கொடுத்தார். எங்களுக்கு அதுவே பெரிய சொத்து!

பழைய வினாத்தாள்களை ஸ்கேன் பண்ணினால் எழுத்து சரியாக வரவில்லை. பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. அதனால் முதலாண்டுத் தம்பிகள் 6 பேர் மாலை நேரங்களில் உட்கார்ந்து கையாலேயே அடித்தார்கள். அடித்தது நேராக சர்வருக்குள் போனது. தனிப் பிரதி வைக்கவில்லை. அது எங்கள் முதல் தப்பு. ஹார்டு டிஸ்கில் இடம் குறைவு என்று சர்வருக்குள்ளும் இரண்டாவது பிரதி வேண்டாம் என்று அமைத்துவிட்டோம். இது இரண்டாவது தப்பு. மூன்றாவது தப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் இரண்டு நோடுகள் சமர்த்தாகச் சேர்ந்துகொண்டன. மூன்றாவது சேரவே இல்லை. மறுநாள் காலை வெளித் தேர்வாளர் வருகிறார். மணி மாலை 5. திரையில் சான்றிதழ் பிழை, சான்றிதழ் பிழை என்று வரி வரியாக ஓடுகிறது. அப்போது எங்கள் குழுவில் ஒருவன் சொன்னான்: "டேய் மச்சான், இந்த செக்யூரிட்டி எழவையே ஆஃப் பண்ணுடா. லேப்புக்குள்ள யாரு வந்து நம்மகிட்ட திருடப் போறான்?"

ஆஃப் பண்ணினோம். ஒரே ஒரு வரி மாற்றம், மூன்று கம்ப்யூட்டரிலும். ஓடியது! கைதட்டினோம். டீ குடிக்கப் போனோம்.

நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து பெஞ்சுக் குழு நண்பன் தன் லேப்டாப்பில் அதே மென்பொருளைப் போட்டான். அமைப்புக் கோப்பை எப்படி எழுதுவது என்று தெரியாமல், காலையில் நாங்களே கேட்டதும் கொடுத்திருந்த எங்கள் கோப்பை பென் டிரைவிலிருந்து அப்படியே போட்டுக்கொண்டான். அதில் எங்கள் கிளஸ்டரின் பெயர் இருந்தது, எங்கள் கம்ப்யூட்டர்களின் முகவரியும் இருந்தது. லேப்டாப் எழுந்ததும் "நானும் உங்க ஆளு" என்று கதவைத் தட்டியது. கதவில் ஆள் இல்லை. உள்ளே வந்துவிட்டது.

புதிய நோடு வந்தால் கிளஸ்டர் என்ன செய்யும்? சுமையைப் பகிர்ந்து கொடுக்கும். நல்ல குணம்தான். எங்கள் தகவல் 8 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதில் 2 துண்டுகளைத் தூக்கி அந்த லேப்டாப்புக்கு அனுப்பிவிட்டது. மாலை 6 மணிக்கு நண்பன் லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு காசிமேட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே போய் ஓட்டிப் பார்த்தால், "தலைமை நோடைக் காணோம்" என்று அவன் லேப்டாப் கத்தியிருக்கிறது. ஏதோ கோளாறு என்று டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிட்டான். அவ்வளவுதான். எங்கள் கிளஸ்டர் சிவப்பு விளக்கு காட்டியது. மறுநாள் தேர்வாளர் தட்டிய நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு பதிலே வரவில்லை.

மார்க் குறைந்தது போகட்டும். அந்த 6 தம்பிகளிடம் போய், "நீங்க அடிச்சதுல கால்வாசி போச்சுடா" என்று சொன்னேனே, அந்த நிமிஷத்தைத்தான் மறக்க முடியவில்லை. அதில் ஒருவன் "பரவால்லண்ணே, திரும்ப அடிச்சுத் தரோம்" என்றான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு பொறுமையாக லாக் ஃபைலைப் படித்தோம். சான்றிதழ் ஏன் செல்லவில்லை என்று அதில் ஒரு வரி தெளிவாக இருந்தது. "இந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை" என்பதே அதன் பொருள். மூன்றாவது கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி செத்துக் கிடக்கிறது. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் அதன் தேதி பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. பல வருஷத்துக்கு முன்னால் வாழும் கம்ப்யூட்டரிடம் இன்றைக்கு எழுதிய சான்றிதழைக் காட்டினால் அது எப்படி ஒத்துக்கொள்ளும்? சான்றிதழ் சரி, மென்பொருளும் சரி. தெருமுனைக் கடையில் கிடைக்கும் ஒரு சின்ன பேட்டரிதான் பிரச்சினை. அதை மாற்றாமல் காவலையே தூக்கிவிட்டோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை!

நண்பர்களே, சான்றிதழ் என்றால் என்னவென்று எனக்குப் புத்தகத்தைவிட அப்பாவிடம்தான் புரிந்தது. அப்பா கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். திருவொற்றியூரிலிருந்து துறைமுகம் வரைக்கும் வரிசையில் நின்று பழகியவர். 2004 ஜூலை 1 முதல் உலகம் முழுக்கக் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் ஐ.எஸ்.பி.எஸ். என்ற பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. பாஸ் இல்லாமல் கேட்டுக்குள் கால் வைக்க முடியாது. அந்த பாஸில் மூன்று விஷயம் முக்கியம்: கொடுத்தது யார், யாருக்குக் கொடுத்தது, எந்தத் தேதி வரை செல்லும். கணிப்பொறிச் சான்றிதழிலும் இதே மூன்றும்தான்!

அப்பாவிடம் கேட்டேன்: "வேற ஆளோட பாஸைக் காட்டினா உள்ள விட்ருவாங்களாப்பா?" அப்பா சிரித்தார். "பாஸ் நெசமா பொய்யான்னு மட்டும் பாக்க மாட்டாங்கடா. மூஞ்சியையும் பாப்பாங்க."

எலாஸ்டிக்சர்ச்சில் நோடுகள் தங்களுக்குள் பேசும்போது இந்தச் சோதனையை எவ்வளவு கடுமையாகச் செய்வது என்று நாமே சொல்லலாம். அதில் மூன்று நிலை இருக்கிறது. 'ஃபுல்' என்றால் பாஸையும் பார்ப்பார்கள், மூஞ்சியையும் பார்ப்பார்கள். அதாவது நம் அலுவலகம் கொடுத்த சான்றிதழா என்றும் பார்க்கும், அதில் எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் வந்திருக்கும் கம்ப்யூட்டருக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கும். 'சர்டிபிகேட்' என்றால் பாஸ் மட்டும். 'நன்' என்றால் கேட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். நாங்கள் செய்தது இந்த மூன்றையும் தாண்டிய காரியம். காவலரை வீட்டுக்கே அனுப்பிவிட்டோம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த நண்பன் எங்கள் கோப்போடு எங்கள் சான்றிதழையும் சேர்த்துக் காப்பி அடித்திருந்தால்? 'சர்டிபிகேட்' நிலையில் அவன் உள்ளே வந்திருப்பான், ஏனென்றால் பாஸ் உண்மையான பாஸ். 'ஃபுல்' நிலைதான் "மூஞ்சி வேற மாதிரி இருக்கே" என்று தடுத்திருக்கும். நம் லேப்பில் பலரும் 'ஃபுல்' போடப் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு தினம் ஒரு ஐபி முகவரி வருகிறது. நேற்று எழுதின சான்றிதழில் நேற்றைய முகவரி இருக்கிறது. இதற்கு மருந்து சோதனையைக் குறைப்பது அல்ல. சர்வராக ஓடும் கம்ப்யூட்டருக்கு நிலையான முகவரி கொடுப்பதும், சான்றிதழில் அதன் பெயரையும் முகவரியையும் சரியாக எழுதுவதும்தான்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சான்றிதழ் வழங்கும் சாவி ஒன்று உண்டு. பாஸ் ஆபீஸின் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. அது இருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் பாஸ் அடிக்கலாம். நம்மவர்கள் என்ன செய்கிறோம்? புதிய நோடு சேர்க்கும்போது, எது தேவை எது தேவையில்லை என்று பார்க்காமல் மொத்த ஃபோல்டரையும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் காப்பி அடிக்கிறோம். ஒவ்வொரு லாரி டிரைவர் கையிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு கொடுத்த மாதிரி! நோடுக்குத் தேவை அதன் சொந்தச் சான்றிதழ், அதன் சொந்தச் சாவி, வழங்கியவரை அடையாளம் காட்டும் பொதுச் சான்றிதழ். இவ்வளவுதான். ஸ்டாம்பு பெட்டியில் பூட்டி இருக்க வேண்டும்.

ஸ்டாம்பு போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுக்கு மேலே ஒரு கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். அவருடைய உரிமத்தின் கீழ் இயங்கியது தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவு. 2014 ஜூலையில் அந்தப் பிரிவின் பெயரில், கூகுளின் தளங்களுக்கு அனுமதி இல்லாத சான்றிதழ்கள் வெளிவந்திருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. வழங்கும் நடைமுறைக்குள்ளேயே யாரோ புகுந்திருந்தார்கள். அந்தப் பிரிவின் சான்றிதழ்கள் உடனே ரத்து செய்யப்பட்டன. அதோடு முடியவில்லை. கட்டுப்பாட்டாளரின் கீழ் வரும் சான்றிதழ்களைக் குறிப்பிட்ட சில இந்தியத் தளங்களுக்கு மட்டும்தான் ஏற்போம் என்று குரோம் உலாவியில் வரம்பு கட்டினார்கள். ஒரு கதவில் ஓட்டை விழுந்தால் தெருவுக்கே கெட்ட பெயர்.

"இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம்" என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரியில் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்த எலாஸ்டிக்சர்ச் சர்வர்களைத் தேடிப் பிடித்து, உள்ளே இருந்ததை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். 2020 ஜூலையில் இன்னும் வேடிக்கை. பணமும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான திறந்த தகவல் தளங்களை அழித்துவிட்டு 'மியாவ்' என்று மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். இதில் மென்பொருள் செய்தவர்கள் பங்கும் உண்டு. 2019 மே மாதம் வரை இந்தச் சான்றிதழ்ப் பாதுகாப்பு காசு கொடுத்தவர்களுக்குத்தான். அதன் பிறகே இலவசம் ஆயிற்று. 2022 பிப்ரவரியில் வந்த 8ஆம் பதிப்பிலிருந்துதான் நிறுவும்போதே பூட்டுப் போட்டு வருகிறது. பூட்டோடு வருவதை நாமே உடைத்தால் யாரைக் குறை சொல்வது?

அந்த 8ஆம் பதிப்பில் நோடு சேர்ப்பதும் சுலபம்தான். ஏற்கெனவே ஓடும் நோடில் ஒரு டோக்கன் வாங்க வேண்டும். ஒருநாள் பாஸ் மாதிரி. ஆனால் இதன் ஆயுள் 30 நிமிஷம். புதிய நோடு முதன்முறை எழும்போது அந்த டோக்கனைக் கொடுத்தால் தேவையான சான்றிதழ்களை அதுவே வாங்கி வைத்துக்கொள்ளும். டோக்கனை வாங்கி வைத்துவிட்டு சாப்பிடப் போய்விட்டால் செல்லாது. இன்னொன்று வாங்க வேண்டியதுதான். இன்னொன்றும் கவனியுங்கள். முதல் நோடு தன் சொந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் பேசும்படியே ஆரம்பத்தில் அமைந்திருக்கும். வெளிக் கம்ப்யூட்டரோடு பேசச் சொல்லி அமைப்புக் கோப்பில் நாம்தான் அனுமதி தர வேண்டும். அதைச் செய்யாமல் "சான்றிதழ் சரியில்லை" என்று பழி போடுபவர்கள் நிறைய.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டோம். கதை முடிந்ததா? இல்லை, தேதி இருக்கிறதே! அந்த மென்பொருளோடு வரும் கருவியில் நாம் வேறு ஏதும் சொல்லாமல் சான்றிதழ் செய்தால் அதன் ஆயுள் 1,095 நாள். அதாவது 3 வருஷம். நம் டிப்ளமோவும் 3 வருஷம்! முதலாண்டில் சேர்ந்தவன் செய்த சான்றிதழ், அவன் படித்து முடித்து வெளியே போன சமயத்தில் காலாவதி ஆகும். செய்தவன் இருக்க மாட்டான். ஒரு நாள் காலையில் நோடுகள் ஒன்றோடு ஒன்று பேசாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

பெரிய பெரிய நிறுவனங்களே இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன. 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதி ஆனதால் பிரிட்டனில் ஓ2 கைப்பேசிச் சேவையில் கோடிக்கணக்கானவர்களுக்கு டேட்டா நின்றது. 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் படுத்ததற்கும் காலாவதியான சான்றிதழ்தான் காரணம். அவர்களுக்குப் பணமும் ஆளும் இல்லையா? தேதியை எழுதி வைக்க ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"நாம டிப்ளமோதானே, இதெல்லாம் இன்ஜினியருங்க வேலை" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பாருங்கள். துறைமுகம், கன்டெய்னர் யார்டு, தொழிற்சாலை, மணலியில் சுத்திகரிப்பு ஆலை. எங்கே பார்த்தாலும் இன்று கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு பெட்டிகூட நகராது. இப்படிப்பட்ட இடங்களில் திட்டம் போடுபவர் ஏ.சி. அறையில் இருக்கலாம். நைட் ஷிஃப்டில் ராத்திரி 2 மணிக்குப் புதிய கம்ப்யூட்டரைச் சேர்க்கச் சொன்னால் சேர்க்கப் போவது நம்மைப் போன்றவர்கள்தான். வரிசையில் லாரிகள் நிற்கும். போனில் மேலதிகாரி "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். அந்த நேரத்தில் 'ஆஃப் பண்ணு' என்ற ஒரு வரி நம் விரலைக் கூப்பிடும். வேலை நடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். நாளைக்கு ஏதாவது போனால், அந்த வரியை மாற்றியது யார் என்று மட்டும்தான் கேட்பார்கள். பழி சுமக்கப் போவதும் நாம்தான்.

ஆகவே என் கருத்தை மூன்று கோரிக்கையாக வைக்கிறேன். முதலாவது, லேப் தேர்வில் 'ஓடுகிறதா' என்பதற்கு மட்டும் மார்க் கொடுக்காதீர்கள், ஐயா. 'பூட்டோடு ஓடுகிறதா' என்பதற்கும் மார்க் கொடுங்கள். ஓடாவிட்டாலும், ஏன் ஓடவில்லை என்று லாக் ஃபைலைப் படித்துச் சொன்ன மாணவனுக்குப் பாதி மார்க்காவது கொடுங்கள். ஓட வைப்பதற்காகக் காவலைத் தூக்கியவனை விட அவன் மேல்.

இரண்டாவது, நம் சங்கத்துக்கு. லேப் கதவில் ஒரு சார்ட் ஒட்டுவோம். எந்த சர்வர், எந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் முடிகிறது, ஸ்டாம்பு சாவி யார் பொறுப்பில் என்று பெரிய எழுத்தில் எழுதுவோம். இறுதியாண்டு மாணவன் போகும்போது லேப் கோட்டை மட்டும் விட்டுப் போகாமல் அந்தப் பொறுப்பையும் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது, நமக்கு நாமே. புதிய நோடு சேரவில்லையா? முதலில் கடிகாரத்தைப் பார். அடுத்து முகவரியைப் பார். அதற்கும் அடுத்துச் சான்றிதழைப் பார். இந்த மூன்றையும் பார்க்காமல் பாதுகாப்பு வரியைத் தொடாதே. அதற்குள் நேரம் போய்விடும் என்கிறாயா? எங்களுக்கு மிச்சமானது ஒரு மணி நேரம், போனது 6 பேருடைய உழைப்பு. கணக்கு நீயே போட்டுப் பார்.

அந்தத் தம்பிகள் சொன்னபடியே காணாமல் போனதைத் திரும்ப அடித்துக் கொடுத்தார்கள். இந்த முறை பிரதி இருக்கிறது. மூன்று நோடும் 'ஃபுல்' சோதனையோடு ஓடுகின்றன. மூன்றாவது கம்ப்யூட்டருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. சான்றிதழ் முடியும் தேதியைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறோம். அந்தத் தேதியில் நான் இங்கே இருக்க மாட்டேன். இதைப் படிக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் இருப்பீர்கள். சுவருக்கு வெள்ளையடித்தாலும் அந்தத் தேதியை மறுபடி எழுதி வையுங்கள்.

கேட்டைத் திறந்து வைப்பது யாருக்கும் முடியும். பாஸைப் பார்த்து, மூஞ்சியைப் பார்த்து, தேதியைப் பார்த்துத் திறப்பவன்தான் தொழில் தெரிந்தவன். அப்படிப்பட்டவர்களாக இந்த வாசலைத் தாண்டுவோம், நண்பர்களே!

மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணிப்பொறிப் பொறியியல் பிரிவு